சோடியம் வெட்டத் தெரியாத டீச்சர்

எனக்காகச் சலிக்காமல் சோடியம் வெட்டிக் கொடுத்த என் கைக்காரி பரிதாவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சுற்றி வளைத்தால் உனக்குப் பொறுக்காது, "மேட்டருக்கு வாடி" என்பாய். போன சனிக்கிழமை நான் சோடியம் வெட்டினேன். நானே, என் கையால். ஒன்றிரண்டு துண்டு இல்லை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

சிரிக்கிறாயா? சிரி. உனக்கு மட்டும்தான் இதில் சிரிக்க உரிமை இருக்கிறது.

வேறு யாராவது இதைப் படித்தால், கெமிஸ்ட்ரி டீச்சர் சோடியம் வெட்டியதை ஒரு சேதியாக எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு நம்முடைய திருட்டுத்தனம் தெரியாதே. எம்.எஸ்சி. முடித்து, பி.எட். முடித்து, கடலூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான்கு வருஷமாக வேதியியல் நடத்துகிற எஸ்தர் மிஸ், போன சனிக்கிழமை வரைக்கும் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சோடியம் வெட்டியதில்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ போன பிறகு எனக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியம் தனியாகச் சுமக்கக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

2004-இல் நாம் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? நான் கடலூர் செம்மண்டலத்திலிருந்து வந்தவள், நீ லால்பேட்டையிலிருந்து. பி.எஸ்சி.யில் எங்கள் காலேஜில் அட்டெண்டரே சோடியத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். சிதம்பரம் வந்தால் பாட்டிலையும் இடுக்கியையும் கத்தியையும் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மண்ணெண்ணெய்க்குள் சாம்பல் பூத்துக் கிடந்தது அது. ஒரு துண்டை எடுத்து, ஃபில்டர் பேப்பரில் ஒற்றி எண்ணெயை உறிஞ்ச வைத்து, வெட்டினேன். கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிட்டது. உலோகம் என்றால் டங்கென்று இருக்க வேண்டாமா? உள்ளே பளபளவென்று வெள்ளி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு மங்கிப் போனது.

அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அந்த ஃபில்டர் பேப்பரைக் கசக்கி சிங்க்கில் போட்டேன் பார். வீட்டில் எதைத் துடைத்தாலும் சிங்க்கில் போடுகிற கை. அதில் ஒட்டியிருந்த துகள்களை நான் யோசிக்கவே இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. படாரென்று ஒரு சத்தம், மஞ்சளாக ஒரு தீ, என் துப்பட்டா நுனி பொசுங்கிவிட்டது. நீ என் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய். துப்பட்டாவில் தீ பட்டதை விட நீ சடையை இழுத்ததுதான் எனக்கு வலித்தது.

அன்றைக்கு ஹாஸ்டலில் நான் அழுதுகொண்டே இருந்தேன். நீ கட்டிலில் காலை ஆட்டியபடி சோடியத்துக்கு வக்காலத்து வாங்கினாய்.

"அது மேல ஏன்டி கோவப்படுற? அதுக்குன்னு கடைசி வட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான். ஒத்தப் பொண்ண வெச்சிருக்கிற எங்க அத்தா மாதிரி. நல்ல எடம் வந்தா தள்ளிவுட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு அலையுது. தண்ணி வந்து பொண்ணு கேட்டுச்சி, குடுத்துடுச்சி. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். கல்யாணம்னா சத்தம் இருக்காதா?"

"என் துப்பட்டா எரிஞ்சிடுச்சி பரிதா."

"மொய் எழுதிட்டன்னு நெனச்சிக்க."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை. அடுத்த வாரம் கத்தியை எடுத்தபோது கை உதறியது. உன் துண்டை வெட்டும்போதே எனக்கும் ஒன்று வெட்டி, உலர்ந்த ஃபில்டர் பேப்பரில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டாய். அதை ஃப்யூஷன் டியூபில் போட்டுச் சூடாக்கி, பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் உடைத்து, வடிகட்டி, நைட்ரஜன் இருந்தால் நீலம் வருகிறதா என்று பார்க்கிற மீதி வேலை எல்லாம் எனக்கு அத்துப்படி. வெட்டுவது மட்டும் உன் வேலை. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. கடைசிப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் டீ குடிக்கத் திரும்பிய நேரத்தில்கூட என் மேஜைக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்தது. அந்தத் துண்டுக்குத்தான் எனக்குத் தொண்ணூற்று இரண்டு மார்க்.

"இப்ப நான் வெட்டித் தரேன். நீ வேலைக்குப் போயிட்டா யார்டி வெட்டுவா?" என்று கேட்டாய் ஒரு நாள்.

"உன்னையே கூட்டிக்கினு போயிடுவேன்" என்றேன்.

2008-இல் பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இருபத்தைந்து வயசில் காய்ச்சலில் போவது என்ன நியாயம்? இன்னும் அந்தக் கோபம் முழுசாகத் தணியவில்லை. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேலைக்கு வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சோடியம் பாடம் வரும்போதெல்லாம் போர்டில் படம் போட்டேன். "மென்மையான உலோகம், கத்தியால் வெட்டலாம், நீரைவிட அடர்த்தி குறைவு, தொண்ணூற்றெட்டு டிகிரியில் உருகும்" என்று நோட்ஸ் கொடுத்தேன். லேப் அலமாரியில், கீழ்த்தட்டில், எனக்கு முன்னால் இருந்த டீச்சர் வாங்கி வைத்த சோடியம் பாட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் குறையாமல் இருக்கிறதா என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அலமாரியைப் பூட்டிவிடுவேன். "மிஸ், ஒரு தடவ காட்டுங்க மிஸ்" என்று கேட்ட பிள்ளைகளிடம், "ரிஸ்க்கும்மா, புக்ல படம் இருக்கு பாரு" என்பேன். பிள்ளைகளின் முகம் சுண்டிப்போகும். எனக்கும் தெரியும், ஆனாலும் சொல்வேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் கடைசியில் இங்கே அடித்த புயலைப் பற்றி உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? கடலூரில் ஒரு மரம் மிச்சமில்லை. முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. கரண்ட் கம்பம் கம்பமாகச் சாய்ந்து, வாரக்கணக்கில் ஊரே இருட்டு. எங்கள் லேப் கூரையில் இரண்டு ஷீட் பறந்துவிட்டது. கடலோரத்துக் குப்பங்களிலிருந்து வந்த ஜனங்கள் எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில்தான் தங்கியிருந்தார்கள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, லேப்பில் எது நனைந்தது எது உடைந்தது என்று பார்க்கப் போனேன். சோடியம் பாட்டிலில் மண்ணெண்ணெய் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. நெல்லிக்காய் அளவில் எட்டுத் துண்டுகள், மேலெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, மொட்டையாகக் கிடந்தன. மேலே அண்ணாந்து பார்த்தேன். கூரை ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

அலமாரிச் சாவி லேப் சுவரில் ஆணியில்தான் தொங்கும். வாட்ச்மேன் ராஜமாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுஷன் மறைக்கவே இல்லை.

"நான்தான் டீச்சர் எடுத்தேன். ரூம்ல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருந்துச்சி. வெளக்குக்கு எண்ணெ இல்ல. ரேஷன்லயும் இல்லன்னுட்டான். இங்க தொறந்து பாத்தா மண்ணெண்ணெ வாசன வந்துச்சி. ஏதோ கல்லு ஊற வெச்சிருந்தீங்க. எண்ணெய மட்டும்தான் எடுத்தேன். கல்லு மேல கை வெக்கல. எட்டு கல்லு இருந்துச்சி, எட்டும் அப்படியே இருக்கும், எண்ணிப் பாருங்க."

பாட்டிலில் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அவருக்கு வாசனைதான் லேபிள். அதோடு விட்டாரா என்றால் இல்லை.

"வெறும் பாட்டிலா இருக்குதே, டீச்சர் வந்து கேப்பாங்களேன்னு தண்ணி ஊத்தி வெக்கலாம்னு பாத்தேன் டீச்சர். கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, டேங்க்ல பொட்டுத் தண்ணி இல்ல. சரி, அப்பறமா பாத்துக்கலாம்னு மூடிய இறுக்கி வெச்சிட்டேன்."

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஊரெல்லாம் கரண்ட் இல்லை என்று அழுதுகொண்டிருந்தது. அந்த அலமாரிக்கு முன்னால் மட்டும் கரண்ட் இல்லாமல் போனது ஒரு உசிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த எட்டுத் துண்டின் மேல் பாட்டில் நிறையத் தண்ணீர் விழுந்திருந்தால் அவர் முகம் இருந்திருக்குமா? அவருக்கு அதைச் சொன்னபோது, "கல்லா டீச்சர்? எரியுமா? தண்ணி ஊத்துனாவா?" என்று மூன்று தடவை கேட்டார். நம்பவே இல்லை. உடனே உதவிக்கு வந்துவிட்டார். "குடுங்க, நான் கொண்டு போயி கெடிலம் ஆத்துல போட்டுட்டு வந்துடறேன்."

அவரை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு ஹெச்.எம். மேடத்திடம் போனேன். மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் புயலுக்குப் பிறகு அவர் தலையில் ஆயிரம் பாரம். கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"எஸ்தர், எனக்கு இந்த ரிஸ்க் வேணாம்மா. சனிக்கிழமைக்குள்ள அது இந்த காம்பவுண்ட வுட்டுப் போவணும். இல்லன்னா லேப்ப பூட்டி சீல் வெச்சிடறேன். இந்த வருஷம் பிளஸ் டூ பொண்ணுங்கள வேற ஸ்கூல்ல பிராக்டிகல் எழுத வைக்கலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து சயின்ஸ் குரூப்பே வேணாம். காமர்ஸ் மட்டும் போதும். கூரை போடறதுக்கே நாய் படாத பாடு படறேன்."

பரிதா, இது உனக்குப் புரியும். வேறு யாருக்குப் புரிகிறதோ இல்லையோ. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் செம்மங்குப்பம் பக்கமும் கடலோரமும். பெண்கள் பள்ளிக்கூடம், பஸ்ஸில் நேராக வந்து நேராகப் போகலாம் என்பதால்தான் வீட்டில் அனுப்புகிறார்கள். இங்கே சயின்ஸ் இல்லை என்றால் வேறு ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். நர்ஸ் ஆகணும், லேப் டெக்னீஷியன் ஆகணும் என்று இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதோடு சரி. உன்னை லால்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு அனுப்புவதற்கு உன் அத்தா எத்தனை மாதம் யோசித்தார்? எத்தனை நாள் நீ சாப்பிடாமல் கிடந்தாய்?

"சனிக்கிழமைக்குள்ள நான் பாத்துக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் கை உதற ஆரம்பித்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முந்தின அதே உதறல்.

முதல் வேலையாகச் சோடியத்தை ஏதாவது எண்ணெய்க்குள் போட வேண்டும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? லிக்விட் பாரஃபினும் ஆகும் என்று படித்தது ஞாபகம் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய் ஆறு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மலச்சிக்கலுக்கா மேடம்? எத்தினி நாளா?"

"நாலு வருஷமா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பயந்துபோய் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நீ இருந்திருந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்திருப்பாய். நான் ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். சிரித்ததில் உதறல் கொஞ்சம் நின்றது.

எண்ணெய் ஊற்றிப் பாட்டிலை மூடியாயிற்று. அதோடு தீரவில்லை. பொருக்குத் தட்டிய சோடியத்தை அப்படியே வைக்கவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. சின்னச் சின்னதாக வெட்டி, ஆல்கஹாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கரைக்க வேண்டும். தண்ணீரில் செய்கிற அதே வேலையை அதில் மெதுவாக, சமாதானமாகச் செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்றால் இன்னும் நிதானம். அதற்குத்தான் உன் தம்பி யூசுப்புக்கு போன் பண்ணினேன்.

உன் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லையே. நீ டியூஷன் எடுத்து டியூஷன் எடுத்து பாஸ் பண்ண வைத்த அந்தச் சோம்பேறி இப்போது செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லேப் கெமிஸ்ட். கையில் ஹெல்மெட், சட்டைப் பையில் அடையாள அட்டை, பேச்சில் பெரிய மனுஷத்தனம். அவனுடைய மேனேஜரிடம் சொல்லி, கம்பெனியிலிருந்து ஐந்து லிட்டர் வாங்கி வந்தான். கூடவே கண்ணாடி, கையுறை, இரண்டு வாளி காய்ந்த மணல். உன்னைப் போலவே அவனுக்கும் வலது புருவம் மட்டும் தனியாக ஏறுகிறது. கவனித்திருக்கிறாயா?

சனிக்கிழமை காலை லேப்புக்குப் பின்னால் திறந்த வெளியில் மேஜை போட்டோம். வெயில் நன்றாக இருந்தது. மழை இல்லை, பக்கத்தில் அடுப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. ராஜமாணிக்கம் அண்ணன் யாரும் உள்ளே வராமல் கேட் அருகே தடுத்து நிறுத்துகிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். யூசுப் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நீங்க தள்ளி நில்லுங்க. நான் பண்ணிடறேன். பரிதா லாத்தா சொல்லியிருக்கு."

"என்ன சொல்லியிருக்கு?"

"எஸ்தர் அக்காவுக்கு சோடியம்னா பயம், அத நான்தான் வெட்டிக் குடுப்பேன்னு. காலேஜ்லேர்ந்து வந்தா இதே கததான். வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

அடிப்பாவி. நான் எட்டு வருஷமாகப் பூட்டிப் பூட்டி வைத்த ரகசியம் லால்பேட்டையில் உன் வீட்டுச் சாப்பாட்டுப் பாய் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவன் கத்தியை எடுக்கக் கை நீட்டினான்.

நிஜத்தைச் சொல்கிறேன், விட்டுவிடத்தான் நினைத்தேன். அவனுக்குத் தெரிந்த வேலை, பத்திரமாகச் செய்வான், லேப் தப்பிக்கும், எனக்கும் நிம்மதி. இரண்டடி பின்னால் நகர்ந்துகூட விட்டேன். நகர்ந்தபோதுதான் உறைத்தது. மறுபடியும் உன் வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து எனக்காக வெட்டித் தரப் போகிறான். இன்றைக்கு இவன், அடுத்த வருஷம் யார்? நான் இருக்கிற வரைக்கும் அந்த லேப்பில் சோடியத்தைத் தொட ஆளில்லை என்றால், மேடம் இன்றைக்குப் பூட்டாவிட்டாலும் அது பூட்டின லேப்தானே? நானே நான்கு வருஷமாகப் பூட்டித்தானே வைத்திருக்கிறேன்?

"குடுடா" என்றேன். "நீ பக்கத்துல நின்னு பாரு. தப்பா பண்ணா சொல்லு."

அவன் புருவம் ஏறியது. ஆனால் கத்தியைக் கொடுத்துவிட்டான்.

நெற்றி வியர்வை விழுந்துவிடக் கூடாது என்று கொத்தனார் போலத் தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். முதல் துண்டை இடுக்கியால் எடுத்து, பாரஃபின் ஊற்றிய தட்டில் வைத்து, பொருக்கின் மேல் கத்தியை வைத்தேன். "பரிதா, பார்த்துக்கொள்" என்று மனசுக்குள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னது, "ஆண்டவரே, துப்பட்டா போட்டுக்கிட்டு வராதது நல்லதாப் போச்சு" என்பதுதான். அழுத்தினேன்.

இறங்கியது. வெளியே கரடுமுரடாக வெள்ளைப் பொருக்கு, அதற்கு உள்ளே எந்தச் சேதாரமும் இல்லாமல் அதே வெள்ளி. எண்ணெய்க்குள் இருந்ததால் சட்டென்று மங்கவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு அதை அவ்வளவு நேரம் பார்த்தேன். நான் பயந்துகொண்டிருந்த பொருள் இவ்வளவு மெத்தென்று இருந்ததே மறந்துபோயிருக்கிறது.

பயறு அளவுக்கு வெட்டி, ஆல்கஹாலில் ஒவ்வொன்றாகப் போட்டோம். அடியில் கிடந்து குமிழ் குமிழாக விட்டு, மெல்ல மெல்லக் கரைந்தது. ஒன்று முழுசாக அடங்கின பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். நடுவில் ஒரு தடவை நான் இரண்டைச் சேர்த்துப் போடப் போனேன். "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றான் யூசுப். அப்படியே உன் குரல். மூன்று மணிக்கு மேல் என் கை உதறவே இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை, அவன்தான் சொன்னான்.

ஆறு துண்டைக் கரைத்துவிட்டோம். பொருக்குக் குறைவாக இருந்த இரண்டைச் சுத்தம் பண்ணி, புது பாரஃபினில் போட்டு வைத்தேன். மேடம் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் ஒழிக்கச் சொன்னேனே, இது எதுக்கு?" என்றார்.

"பாடம் நடத்த மேடம்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சி மேடம். காலையில வரைக்கும்."

அவர் கொஞ்ச நேரம் பாட்டிலையும் என் தலைத்துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "லேபிள தமிழ்ல எழுதி ஒட்டு. கூரைக்காரன் திங்கக்கிழமை வரான். லேப்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சயின்ஸ் குரூப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குரூப்பையே எடுக்கப் போகிறவர் லேப்புக்கு முதலில் கூரை போடுவாரா? லேபிளை ராஜமாணிக்கம் அண்ணனிடம் கேட்டுத்தான் எழுதினேன். "சோடியம். இது கல் இல்லை. எண்ணெயை எடுக்காதே. தண்ணீர் ஊற்றாதே." சாவியும் இப்போது ஆணியில் இல்லை, என் கைப்பையில் இருக்கிறது.

நேற்று பிளஸ் ஒன் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, தள்ளி நிற்க வைத்தேன். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பினாஃப்தலின். எல்லார் முன்னாலும் வெட்டினேன். பச்சரிசி அளவுக்கு ஒரு துணுக்கு. போட்ட உடனே மிதந்து, தன் சூட்டிலேயே உருகி உருண்டையாகி, உஸ்ஸென்று தண்ணீர் மேல் அங்கும் இங்கும் ஓடியது. ஓடின வழியெல்லாம் ரோஸ் கோடு. நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். புக்கில் இருக்கிற படம் ஓடாதே, பரிதா. அதை நான் இத்தனை வருஷம் யோசிக்கவே இல்லை.

"மிஸ், சூப்பரா வெட்டறீங்க மிஸ். காலேஜ்லயே கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் முன்னால் நின்ற ரேவதி. செம்மங்குப்பத்துப் பெண்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. காலேஜ்ல எனக்கு பயம். என் ஃபிரண்டு பரிதான்னு ஒருத்தி, அவதான் எனக்கு வெட்டிக் குடுப்பா. பரீட்சையிலகூட" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். மிஸ்ஸே காப்பி அடித்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

"அவுங்க இப்ப எங்க மிஸ் இருக்காங்க?"

"லால்பேட்டையில" என்றேன். பொய் இல்லை. நீ அங்கேதானே இருக்கிறாய்.

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க மிஸ். நாங்களும் பாக்கறோம்."

தொட்டியில் தண்ணீர் முழுசும் ரோஸாகிவிட்டது, பிள்ளைகள் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் நேற்றிலிருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில், அந்தப் பரீட்சைத் துண்டு உள்பட ஒரு வரி விடாமல் அவர்களுக்கு வாசிப்பேன். கொஞ்சம் அழுவேன், அழுதால் அழுகிறேன். முடித்ததும் கத்தியை ரேவதி கையில் கொடுப்பேன். யாருக்கும் வெட்டித் தர மாட்டேன். பக்கத்தில் நிற்பேன். நாற்பது பேரும் அவரவர் துண்டை அவரவர் கையால்தான் வெட்டுவார்கள். நீ வா.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்று ஒரு நாளும் நீ ஒத்துக்கொள்ளாத,
உன் அக்கா
எஸ்தர்